வட்டக்களரியும் சதுரத் திரையும்

பாட்டால் நடக்கும் நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது முதலில் வெட்டுப்படுவது திரும்பப் பாடும் வரி. மேடையில் ஒருவர் பாடியதை இன்னொருவர் வாங்கிப் பாடுவார். சபையில் இருந்து 'ஒன்ஸ்மோர்' என்று குரல் எழுந்தால் முடிந்த பாட்டு மறுபடி தொடங்கும். படத்தில் இதற்கு இடமில்லை. அங்கே பாட்டின் நீளத்தை ரசிகர் தீர்மானிப்பதில்லை. எந்த இயந்திரத்தில் அது பதிவாகிறதோ அந்த இயந்திரம் தீர்மானிக்கிறது. இசைநாடகம் சினிமாவான வரலாற்றைப் படிக்கும்போது நடிகர்களின் பெயர்களும் படங்களின் ஆண்டுகளுமே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. ஒரு இசைத்தட்டில் எத்தனை நிமிடம் கொள்ளும், ஒரு சுருளில் எத்தனை அடி பிலிம் இருக்கும் என்ற கணக்கும் அந்த வரலாற்றின் பாதிதான். இலங்கையின் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், பழுகாமம் போன்ற படுவான்கரை ஊர்களில் ஆடப்படும் கூத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இன்று வீட்டுக் கணினியில் வந்து நிற்கிறது.

தமிழ்ப் பேசும்படம் நாடக மேடையின் பிள்ளை. 1931 இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடகக் குழுக்களில் வளர்ந்தவர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் படமெடுக்க வந்தவர்கள் கதைக்கு அலையவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த நாடகங்களும், அவற்றை மனப்பாடமாகப் பாடக்கூடிய நடிகர்களும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தார்கள். 1933 இல் 'வள்ளி திருமணம்' வந்தது. 1934 இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பவளக்கொடி' வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் பேர்வாங்கிய நாடகம் அது. படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. மின்விளக்கு வசதி இல்லாமல் சூரிய வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். முகில் வந்தால் வேலை நிற்கும். இரவில் விளக்கொளியில் பாடிப் பழகியவர்கள் பகலில், சபையோர் யாரும் இல்லாத திறந்தவெளியில் பாடவேண்டி வந்தது. 'ஒன்ஸ்மோர்' கேட்க ஆளில்லாத முதல் மேடை அதுவாகத்தான் இருக்கும்.

இந்தியில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. லக்னோவில் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட 'இந்திர சபா' என்ற உருது இசைநாடகத்தை 1932 இல் மதன் தியேட்டர்ஸ் படமாக்கியது. அதில் ஏறத்தாழ 70 பாடல்கள். மேடையை அப்படியே திரையில் ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கையின் எல்லை அது. அதற்குப் பிறகு எண்ணிக்கை இறங்குமுகம்தான்.

இறங்கியதற்கு ரசனை மாறியது மட்டும் காரணம் என்று சொல்வது போதாது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பதியும். படப்பாட்டு இசைத்தட்டாகவும் விற்கவேண்டும் என்று வந்தபோது விருத்தம் பாடி, ராகத்தை இழுத்து, சரணத்தை மூன்று தரம் திருப்புகிற பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. 35 மி.மீ. பிலிமின் ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒரே மூச்சில் அதற்குமேல் எடுக்க முடியாது. பிறகு குரலும் உடலும் பிரிந்தன. 1938 இல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் தொடங்கியது. 1945 இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி' இன்னும் ஒருபடி போயிற்று. நாயகி ருக்மணியின் பாடல்களை நீக்கி, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். நூறு மேடைகளில் பாடி நடித்தவர்களால் மட்டுமே தாங்கமுடியும் என்று இருந்த வள்ளி வேடம், அதன் பிறகு இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடியதாயிற்று.

இலங்கையிலும் பேசும்படம் மேடையிலிருந்துதான் பிறந்தது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21 அன்று திரைக்கு வந்தது. நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழு பல ஊர்களில் ஆடிய பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் நாடகம் அது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை. நாயகி ருக்மணி தேவியும் மேடையில் பாடி வந்தவரே. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வேறு வழியில் போயின. 'கோமாளிகள்' (1976) வானொலி நாடகத்திலிருந்து வந்தது. 'வாடைக்காற்று' (1978) செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்தது. நாட்டில் மிக வளமான ஆடற்பாடல் நாடக மரபு கிழக்கில் இருந்தும், தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது குறைவு.

மேற்குலகிலும் இதே சிக்கல் இருந்தது, தீர்வுகள் வேறு. 1972 இல் வந்த 'காபரே' படம் ஒரேயொரு பாட்டைத் தவிர மற்றவற்றை இரவுவிடுதி மேடைக்குள் மட்டும் வைத்தது. மனிதர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள் என்ற கேள்வியே எழாதபடி செய்தது. 2012 இல் வந்த 'லே மிசராப்ல்' படத்தில் நடிகர்கள் முன்பே பதிந்த பாட்டுக்கு வாயசைக்காமல் கமராவின் முன்னாலேயே பாடினார்கள். 2019 இல் வந்த 'கேட்ஸ்' மேடையில் ஒப்பனையாக இருந்ததைக் கணினி வரைகலையால் உண்மையான பூனை மயிராக்கப் பார்த்துக் கேலிக்குள்ளானது. மேடையில் ரசிகர் தாமே நிரப்பிக்கொள்ளும் இடைவெளியைத் திரை நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதிய பாடம். 'ஹாமில்டன்' இன்னொரு வழி: 2016 இல் மேடையிலேயே சபையோரை வைத்துப் பதிந்து 2020 இல் அப்படியே வெளியிட்டார்கள். கூத்துக்கு மிக அருகில் நிற்பது இந்தக் கடைசி வழிதான்.

கூத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் ஊர்கூடி எந்தக் கூத்து என்று தீர்மானிப்பார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வந்து ஆளுக்கேற்ற வேடம் பார்த்து, அந்த வேடத்தின் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கில் பழகுவார்கள், சதங்கை அணிவார்கள், அடுக்கு என்ற ஒத்திகை பார்ப்பார்கள், அதன் பிறகே அரங்கேற்றம். களரி வட்டமானது. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடும், தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவர் பக்கத்திலும் நிற்க, ஆடுபவர் அவர்களைச் சுற்றி வருவார். சபையோர் நாலாபக்கமும் இருப்பார்கள். கட்டியகாரன் வரவோடு தொடங்கி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு, ஆட்டம், தரு என்னும் பாட்டு என்று நகர்ந்து விடியும்வரை போகும். கூத்து வடமோடி, தென்மோடி என இருவகை. வடமோடியில் பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும்; போரில் முடியும். தென்மோடியில் காதலும் கற்பனையும் கூடுதல். பழுகாமத்தில் திரௌபதையம்மன் கோயில் இருக்கிறது. பாரதம் அங்கே கூத்தாக மட்டுமன்றித் தீமிதிப்போடு கூடிய சடங்காகவும் வாழ்கிறது. அருச்சுனன் யார், துரியோதனன் ஏன் கோபப்படுகிறான் என்று அங்குள்ள குழந்தைக்கும் சொல்லத் தேவையில்லை. கதை தெரிந்த சபை கதைக்காக விழித்திருப்பதில்லை. ஆட்டத்துக்கும் தருவுக்கும் விழித்திருக்கிறது. ஒரு தருவைப் பிற்பாட்டுக்காரர் வாங்கி நீட்டும்போதுதான் ஆடுபவருக்கு வீசாணம், எட்டு முதலிய ஆட்டங்களைப் போட இடம் கிடைக்கிறது. அந்தத் திரும்புதலை வெட்டினால் ஆட்டமும் சேர்ந்து வெட்டுப்படும். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு கூத்தைச் சுருக்குகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

கூத்தைச் சுருக்கும் முயற்சி கமரா வருவதற்கு முன்பே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் 'கர்ணன் போர்'. பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. இரவு முழுவதும் ஆடுவது ஒன்றிரண்டு மணிநேரமாயிற்று. சபை ஒரு பக்கத்துக்கு வந்தது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். எதிரிவீர சரச்சந்திர 1956 இல் 'மனமே' மூலம் நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்துக்குச் செய்தது இந்த முயற்சிக்கு முன்னோடி. அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில் இருப்பது தெரிந்ததே. வித்தியானந்தனின் செயல் கூத்தை நகரத்துப் படித்தவர்களிடம் சேர்த்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வட்டம் தட்டையானதும் ஆடுபவர் ஒரு திசையை நோக்கவேண்டி வந்தது, அண்ணாவியார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். பின்னாளில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்ற பேரில் செய்த வேலை இதற்கு மறுபக்கம். ஊராரோடு சேர்ந்து, களரியை விட்டு நகராமல், கதையிலும் பாத்திரத்திலும் மாற்றம் தேடினார்கள். கமராவுக்கு வசதியானது முதல் வழி. கூத்துக்கு வசதியானது எது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

கமரா ஊருக்குள் வந்தது கல்யாண வீடியோக்காரரோடு. வீஎச்எஸ் கசற் பெரும்பாலும் மூன்று மணிநேரம் ஓடும். இரவு ஒன்பதுக்குத் தொடங்கி அதிகாலை ஐந்துக்கு முடியும் கூத்துக்கு மூன்று கசற் வேண்டும். கசற் மாற்றும் நேரத்தில் யார் வரவு வந்தாலும் அவர் பாடு போனதுதான். மினி டீவீ வந்தபோது கசற் ஒரு மணிநேரமாகக் குறைந்தது. அதைக் கணினியில் ஏற்றினால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். முழுக் கூத்துக்கு நூறைத் தாண்டும். அக்காலத்து வீட்டுக் கணினியின் வன்தட்டு 40 அல்லது 80 ஜிகாபைட். ஆகவே பாதியை ஏற்றி, வெட்டி, இறுவட்டில் எழுதி, அழித்துவிட்டுத்தான் மற்றப் பாதியை ஏற்றலாம். வீசீடீ ஒன்றில் 74 அல்லது 80 நிமிடம். இசைத்தட்டின் மூன்று நிமிடமும் பிலிம் சுருளின் 11 நிமிடமும் முன்பு செய்த வேலையை வீசீடீ செய்தது: கூத்து தரு முடிந்த இடத்தில் பிரியவில்லை, தட்டு நிறைந்த இடத்தில் பிரிந்தது.

கைத்தொலைபேசி இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டதாகத் தோன்றும். தீர்க்கவில்லை, இடம் மாற்றியது. முழு எச்டீ தரத்தில் வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் அரைமணி நேரத்தில் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொடும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ் அதற்குமேல் ஒரே கோப்பை ஏற்காது. அதில் 20 ஜிகாபைட் வெற்றிடம் இருந்தாலும் கோப்பு மிகப் பெரிது என்ற அறிவித்தல்தான் வரும். காரணம் தெரியாதவர் பென்டிரைவ் பழுது என்று புதிதாக வாங்குவார். அதிலும் அதே கதை நடந்தால் கணினிக்கு வைரஸ் என்பார். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி வடிவமைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைக்காமல் அதைச் செய்தால் போன வருடக் கூத்து அழிந்துபோகும்.

இதைவிட நுட்பமான தொல்லை சத்தம் நழுவுவது. கைத்தொலைபேசிகள் பல மாறும் சட்டக வேகத்தில் பதிகின்றன: வெளிச்சம் குறைந்தால் வினாடிக்கு 30 படம் என்பது தானாகக் குறையும். பழைய தொகுப்பு மென்பொருள்கள் வேகம் ஒரே சீராக இருக்கும் என்று எண்ணிக் கணக்கிடும். தொடக்கத்தில் எல்லாம் பொருந்தும். ஒரு மணிநேரம் போனதும் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். 29.97 என்பதை 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் மணிக்கு 3.6 வினாடி பிசகும். பேச்சு நாடகத்தில் கால் வினாடிப் பிசகைச் சகித்துக்கொள்ளலாம். கூத்தில் சகிக்க முடியாது. ஆட்டம் இறுகும் இடத்தில் கால் நிலத்தில் பட்டு, சதங்கை குலுங்கி, மத்தளச் சொல் அதன்மேல் விழவேண்டும். வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலே பார்ப்பவருக்கு ஆடுபவர் தாளம் தப்பியது போலத் தெரியும். நல்ல ஆட்டக்காரரைக் கெட்ட ஆட்டக்காரராக்க இது ஒன்றே போதும். கணினியைக் குறைசொல்லும் முன் கமரா நின்ற தூரத்தையும் பார்க்கவேண்டும். சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். சனத்துக்குப் பின்னால் 34 மீற்றர் தள்ளி நின்ற கமராவின் ஒலிவாங்கிக்கு மத்தளம் பத்தில் ஒரு வினாடி பிந்தித்தான் கேட்கும். ஒலிப்பதிவுக் கருவியொன்றை அண்ணாவியார் பக்கத்தில் தனியே வைத்துவிட்டு, தொகுக்கும்போது ஆட்டத்தின் முதல் மிதியையும் கடைசி மிதியையும் வைத்துப் பொருத்துவதே வழி. தொலைபேசிக் கோப்பைத் தொகுக்க எடுக்குமுன் ஹாண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் சீரான வேகத்துக்கு மாற்றினால் பாதித் தலையிடி குறையும்.

வெளிச்சமும் கணக்குக் கேட்கிறது. பந்தமும் பெற்றோமாக்சும் இருந்த களரியில் இப்போது மின்விளக்குகள். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கமராவின் திறப்பு நேரம் அறுபதில் ஒரு வினாடி என்று இருந்தால் படத்தில் கரும்பட்டிகள் ஓடும். ஐம்பதிலோ நூறிலோ ஒரு வினாடியாக மாற்றினால் ஓடாது. களரியில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு வீட்டில் கணினியில் சரிசெய்யலாம் என்று நினைப்பது வீண். ஆடுபவர் அணியும் கரப்புடுப்பில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளின் மினுக்கத்தையும் அந்தப் பட்டிகளையும் மென்பொருளால் பிரித்தறிய முடிவதில்லை.

எழுத்துச் சிக்கல் தனி. அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளைத் தட்டச்சுச் செய்தவர்கள் நீண்டகாலம் பாமினி எழுத்துருவையே பயன்படுத்தினார்கள். அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக்களின் வரிசையாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உண்டு. மாற்றியபின் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து ஒப்புநோக்கியே ஆகவேண்டும். திரையில் தருவின் வரிகளைக் கீழே போட விரும்புகிறவருக்கு அடுத்த தொல்லை காத்திருக்கிறது. தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாத தொகுப்பு மென்பொருளில் 'கொ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். துணைவரிக் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் திரையெங்கும் கேள்விக்குறிகள். எல்லாம் சரிவந்து, ஏற்றுமதிக்குக் கொடுத்துவிட்டு இரவு படுத்தால், விடிய எழும்போது கணினி தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கி நிற்கும். கரண்ட் போனாலும் அதே கதி. வீட்டுக்கு வாங்கும் யூபிஎஸ் கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தருமே தவிர ஆறு மணிநேர வேலையைத் தாங்காது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது இப்படிப்பட்ட வேலை எதுவும் நடந்திருக்க வழியில்லை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய வீட்டுக் கணினிகளில் பல விண்டோஸ் 11 ஐ ஏற்கா. பழைய மினி டீவீ கருவியைப் பொருத்தும் ஃபயர்வயர் துளையோ புதிய கணினிகளில் இல்லை. கசற் வைத்திருப்பவர்கள் பழைய கணினியை எறிந்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய நியாயம்.

இந்தத் தொல்லைகள் கலைக்கு வெளியே நிற்பவை என்று தள்ளிவிட முடியாது. தொகுப்பவர் சோர்ந்துபோகும் இடத்தில்தான் வெட்டு விழுகிறது. நினைவகம் போதாமல் கணினி திணறும்போது நீளமான துண்டுகளைத்தான் கை முதலில் நாடும். கூத்தில் நீளமானவை பிற்பாட்டும் ஆட்டமும். எஞ்சுவது வசனமும் போர்க் காட்சியும். இப்படி 20 நிமிடத்துக்குக் குறுக்கிய வடமோடிக் கூத்தைப் பார்க்கும் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வளர்ந்த பிள்ளைக்கு, கூத்து என்றால் கிரீடம் வைத்தவர்கள் உரத்துப் பேசும் நாடகம் என்ற எண்ணமே வரும். இசைத்தட்டு பாகவதர் காலத்துப் பாட்டுக்குச் செய்ததைவிட இது கடுமையானது. அங்கே குறுகிய பாட்டுக்கென்று புதிதாக மெட்டமைக்கப் பாபநாசம் சிவன் போன்றவர்கள் இருந்தார்கள். இங்கே புதிதாக எதுவும் ஆக்கப்படவில்லை. இருந்தது குறைந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நடைமுறையில் இரண்டு பிரதிகள் தேவைப்படுகின்றன. ஒன்று ஆவணம்: வெட்டில்லாமல், வரவு வரவாகக் கோப்புப் பிரித்து, பாத்திரம், ஆடியவர், கூத்து, ஊர், ஆண்டு என்பன கோப்பின் பெயரிலேயே இருக்க, இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் இரண்டு வீடுகளில் வைப்பது. மட்டக்களப்பின் உவர்க்காற்றும் ஈரப்பதனும் வன்தட்டுக்கும் கசற்றுக்கும் ஆகாது. பூஞ்சணம் பிடித்த நாடாவைக் கருவியில் போட்டால் கருவியும் போகும். 2005 இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களிடம் ஒரு பிரதி சேர்வது இன்னும் பத்திரம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில்தான் இருக்கிறது. படுவான்கரை ஊர்களுக்கு அது எட்டாத தூரமில்லை.

மற்றது திரைக்கான பிரதி. அதில் வெட்டு வேண்டும். விடியவிடியக் களரியில் இருப்பவர்கூடத் திரைமுன் அப்படி இருக்கமாட்டார். எதை வெட்டுவது என்பதை அண்ணாவியாரைப் பக்கத்தில் இருத்திவைத்துக் கேட்பதே முறை. ஒரு தருவில் எத்தனை திரும்புதல் போனால் ஆட்டம் குறையாது, எந்த வரவை முழுதாக விடவேண்டும், எந்த இரண்டு வரவுகளைச் சேர்த்தால் கதை கெடாது என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. மழை இருட்டினால் களரியிலேயே கூத்தைச் சுருக்கி முடித்துப் பழகியவர்கள் அண்ணாவிமார். கமராவும் வட்டத்துக்குள் போகவேண்டும். ஒன்று உயரத்தில் அசையாமல் நின்று முழுக் களரியையும், எதிர்ப்பக்கத்துச் சபையையும் பிடிக்க, இன்னொன்று அண்ணாவியாரின் தோளுக்குப் பின்னால் நின்று ஆடுபவரோடு சேர்ந்து சுற்றினால் சதுரத் திரையிலும் களரி வட்டமாகவே தெரியும். அதற்குக் கமராக்காரர் கூத்துப் பழகும் நாள்களிலேயே வந்து, ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துவைத்திருக்கவேண்டும். அரங்கேற்றத்தன்று மாலை வந்து இறங்கும் கல்யாண வீடியோக்காரரால் அது ஆகாது. பதிவைப் பொதுவெளியில் ஏற்றுமுன் ஆடியவர்களின் சம்மதமும், கொப்பிக்கு உரிய அண்ணாவியாரின் பெயரும் இடம்பெறவேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்து அன்றிரவே ஏற்றிவிடும் பழக்கத்தில் இந்த இரண்டும்தான் முதலில் விடுபட்டுப் போகின்றன.